ஹென்றி செய்த ராஜா படை

என் கணவர் ஹென்றிக்கு ஐம்பத்து நாலு வயது. தி. நகரில் ஒரு பல் லேபில் முப்பது வருடமாக வேலை. டாக்டர்கள் நோயாளியின் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள். இவர் மெழுகில் பல் செதுக்கி, அச்சில் வைத்து, செட்டாக்கித் திருப்பி அனுப்புவார். இந்த ஊரில் எத்தனையோ பெரிய மனிதர்கள் என் கணவர் செய்த பல்லால்தான் சிரிக்கிறார்கள். அதைச் சொல்லி அவர் ஒருநாளும் பெருமைப்பட்டதில்லை. அவருடைய பெருமை முழுக்க ஒன்றேகால் அங்குலம் உயரமுள்ள சிப்பாய்களில் இருந்தது.

பொம்மை யுத்தம் என்று நான் சொன்னால் அவருக்கு மூக்கு சிவந்துவிடும். எனவே அவர் சொல்கிறபடியே சொல்கிறேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறில் இங்கிலாந்து ராஜா ஒருவர் காதலுக்காக முடியைத் துறந்தார். துறக்க மாட்டேன் என்று அவர் பிடிவாதம் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மந்திரிகள் ராஜினாமா செய்து, நாடு இரண்டுபட்டு, ஊருக்கு ஊர் துப்பாக்கி தூக்கியிருந்தால்? நடக்காத இந்த உள்நாட்டுப் போரை நடந்ததாக வைத்துக்கொண்டு, அதற்குப் படைகள் செய்து, மேஜை மேல் சண்டை போடுகிறவர்கள் உலகத்தில் அங்கங்கே இருக்கிறார்களாம். மயிலாப்பூரில் ஒருவர் இருந்தார். அவரைத்தான் நான் கட்டிக்கொண்டேன்.

எதிரி ராயப்பேட்டையில் கிடைத்தார். உமர் ஃபாரூக் பாய் அங்கே சீருடை தைக்கும் கடை வைத்திருந்தார். பள்ளிப் பிள்ளைகள், வாட்ச்மேன்கள், கல்யாண பேண்ட் வாத்தியக்காரர்கள் எல்லோருக்கும் அவர்தான். பன்னிரண்டு வருடம் முன்பு எங்கள் மகள் ஷில்பாவுக்கு யூனிஃபார்ம் தைக்க அந்தக் கடைக்குப் போனோம். பேண்ட்காரர்களின் காலருக்காக பாய் ஒரு பழைய வெள்ளைக்கார அதிகாரியின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் எட்டிப் பார்த்து, இது எந்த வருடத்து உடுப்பு என்று ஆரம்பித்தார். இரண்டு மணி நேரம் போனது. ஷில்பாவை அளவெடுக்காமலேயே வீட்டுக்குத் திரும்பினோம்.

அதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் பாய் ஜும்மா முடித்து வந்ததும் அவர் வீட்டு மாடி அறையில் போர். லேபில் இவருக்கு வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்பு. இவர் மெழுகில் சிப்பாயைச் செதுக்குவார், பல் செட்டுக்கு ஊற்றும் அக்ரிலிக்கிலேயே வார்ப்பார். பெயிண்ட் படும்வரை அத்தனை பேரும் ஈறு நிறத்தில் இருப்பார்கள். பிறகு அவர்களுக்கு உடுப்பு மாட்டுவது பாயின் வேலை. ஊசி முனையைப் பெயிண்டில் தொட்டு ஒவ்வொரு பித்தானாக வைப்பார். லைனிங் துணியில் கட்டைவிரல் அகலத்துக்குக் கொடி தைப்பார். எந்தப் படைக்கு என்ன தொப்பி, என்ன பெல்ட் என்பதற்கு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோட்டூர்புரம் நூலகத்துக்கு இரண்டு பேரும் ஸ்கூட்டரில் ஓடுவார்கள். உடுப்பு யாருக்கு நன்றாக இருக்கிறதோ அவர்கள் பக்கம் பாய் சேர்ந்துகொண்டார். அதாவது ராஜா பக்கம். இவருக்குச் சுரங்கத் தொழிலாளர் படையும் பார்லிமெண்ட் கட்சியும். ராஜா பக்கத்தில் தபால்காரர்கள் கம்பெனி ஒன்று உண்டு. தோளில் தபால் பை, கையில் துப்பாக்கி. இவர் பக்கத்தில் பஸ் கண்டக்டர்கள்.

இருவரும் இங்கிலாந்தைக் கண்ணால் கண்டதில்லை. அவர்கள் சண்டை போட்ட வெல்பரி என்ற ஊரும் அவர்களே வைத்த பேர்தான். ஆற்றுக்கு அடையாற்றின் வளைவு, பாலத்துக்குக் கோட்டூர்புரம் பாலம், கோயிலுக்கு எங்கள் லஸ் கோயில். வெல்பரியில் மழை பெய்தால் தண்ணீர் எந்தத் தெருவில் நிற்கும் என்றுகூட எனக்குத் தெரியும்.

ஒரு தடவைக்கு ஒரு கம்பெனி ஆறு அங்குலம் வரை நகரலாம். பாய் தன்னுடைய தையல் டேப்பை மேஜையில் விரித்து, ஒவ்வொரு அங்குலத்துக்கும் உருதுவில் சத்தமாக எண்ணிக்கொண்டே சிப்பாய்களை நகர்த்துவார். ஏக், தோ, தீன். கீழே சமையல்கட்டில் பாயின் மனைவி ஜஹனாராவோடு நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன். இவருக்கு அவள் பாபி, அதாவது அண்ணி. எண்ணுகிற வேகத்தை வைத்தே யார் ஜெயிக்கிறார்கள் என்று அவள் சொல்லிவிடுவாள்.

பாயிடம் ஒரு கெட்ட பழக்கம். கோபம் வந்தால் பேச மாட்டார். ஒரு நாள், இரண்டு நாள், சில சமயம் மூன்று நாள். டீயைத் தொட மாட்டார், கூப்பிட்டால் திரும்ப மாட்டார். அவர்கள் வீட்டில் அது ஒரு வானிலை மாதிரி. வரும், போகும், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

போன ஆகஸ்ட்டில் ஒரு வெள்ளிக்கிழமை என் கணவரின் சுரங்கப் படை வெல்பரி பாலத்தைப் பிடித்துவிட்டது. இவர் டேப்பை இழுத்துப் பிடித்து ஏமாற்றிவிட்டார் என்று பாய் சொல்ல, அப்படியானால் நீயே அளந்துகொள் என்று இவர் டேப்பைத் தூக்கிப் போட, கிளம்பும்போது இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஜஹனாரா போன் செய்தாள். பாய் எழுந்ததிலிருந்து பேசவில்லை, டீயும் குடிக்கவில்லை, நேற்று என்ன சண்டை என்று கேட்டாள். என் கணவர் சிரித்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். வாய்விட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார்.

"பாலம் போச்சுல்ல பாபி, அந்த சோகம். ரெண்டு நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கினு இருப்பான். நீங்க கண்டுக்காதீங்க, வுடுங்க."

அவளும் விட்டுவிட்டாள். பன்னிரண்டு வருடமாக அந்த ஆளைத் தெரிந்த சிநேகிதன் சொன்னால் யார்தான் விடமாட்டார்கள்? மத்தியானம் சோற்றையும் அவர் தொடவில்லை. நாலு மணிக்கு வேறு டீ கொண்டுபோய்க் கையைப் பிடித்துக் கொடுத்தபோதுதான், அந்த வலது கை துணி மாதிரி மடியில் விழுந்ததைப் பார்த்தாள்.

மூளையில் ரத்தக்குழாய் அடைத்திருந்தது. அடைப்பு வந்த நாலரை மணி நேரத்துக்குள் கொண்டுவந்திருந்தால் அடைப்பைக் கரைக்க ஊசி போட்டிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை, விவரம்தான் சொன்னார். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் என் கணவர் சுவரில் சாய்ந்தவர் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார்.

பாய் உயிர் பிழைத்தார். வலது பக்கம் போய்விட்டது. பேச்சு போய்விட்டது. மற்றவர்கள் பேசுவது புரிகிறதா என்பதே சந்தேகம் என்றார்கள். பேனாவைக் காட்டு என்றால் சீப்பை எடுப்பார். சில சமயம் சரியாக எடுப்பார். முதல் மூன்று மாதத்தில் வருவதுதான் பெரும்பாலும் வரும், பிறகு மெதுவாகத்தான் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். பேச்சுப் பயிற்சிக்கு தூபா என்ற பெண் வாரம் இரண்டு நாள் வந்தாள்.

ஜஹனாரா என் கணவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவரைக் கொன்றது. ஒரு மாதம் கழித்து, லேபிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தவர் தன்னை அரித்துக்கொண்டிருந்ததை என்னிடம் சொன்னார்.

"பாபி எப்பவும் ஸ்பீக்கர்லதான் பேசுவாங்க ஆலிஸ். அவன் பக்கத்துலயே உக்காந்துக்கினு இருந்தான். பேச முடியாம உக்காந்திருக்கான், நான் சிரிக்கிறேன்."

தனக்கு என்ன ஆயிற்று என்றே அந்த நேரத்தில் பாய்க்குத் தெரிந்திருக்காது என்று டாக்டர் சொன்னதை நான் நினைவுபடுத்தினேன். அவர் அதைப் பிடித்துக்கொண்டார். அப்படியானால் கேட்டிருக்காது, கேட்டிருந்தாலும் புரிந்திருக்காது, இப்போதும்தான் புரிவதில்லையே என்றார். சொல்லும்போது முகத்தில் ஒரு ஆறுதல் தெரிந்தது.

"உங்க மனசாட்சி நல்லா இருக்கணும்னு அவரு மூளை போகணுமா?" என்று கேட்டேன்.

அடுத்த நாள் அவர் மெழுகை எடுத்தார்.

பாலம் போனால் திரும்பப் பிடிக்க ராஜாவுக்கு ஒரு உதவிப் படை வர வேண்டும் என்பது அவர்கள் கதையில் ஏற்கெனவே முடிவானது. அறுபது பேர். பாய் தைத்து, பெயிண்ட் அடித்துக் கொண்டுவர வேண்டிய படை. அதை இவர் தனியாகச் செய்தார். தன் எதிரிக்குத் தானே படை செய்துகொடுத்த தளபதி வேறு யாரும் இருக்க முடியாது. லேபில் சாப்பாட்டு நேரத்தில் செதுக்குவார், வீட்டுக்கு வந்ததும் வார்ப்பார், வாசனை தாங்காமல் நான் ஜன்னலைத் திறந்து வைப்பேன். பெயிண்ட் அடிக்க இவருக்கு வராது. பித்தான்கள் கொப்புளம் மாதிரி வந்தன. சுரண்டிவிட்டு மறுபடி அடிப்பார். ஒரு சிப்பாயின் காலரை நாலு தடவை அழித்து அழித்து அடித்ததைப் பார்த்தேன். இதைச் செய்து முடித்துவிட்டால் பாய் பேசிவிடுவார் என்று யாரோ அவருக்கு வாக்குக் கொடுத்தது போல இருந்தது. யாரும் கொடுக்கவில்லை.

முதல் இருபது பேர் தயாரானதும் ஒரு வெள்ளிக்கிழமை கொண்டுபோனார். நானும் போனேன். மாடியிலிருந்த மேஜையைக் கீழே இறக்கிக் கட்டில் ஓரமாகப் போட்டு, வெல்பரியை அடுக்கினார். தலையணையில் சாய்ந்திருந்த பாய் எதையும் பார்த்ததாகத் தெரியவில்லை. இவரே டேப்பை விரித்து, ராஜாவின் புதிய படையை முதல் அங்குலத்துக்கு நகர்த்தினார்.

"ஏக்" என்றார் பாய்.

இவர் கை அப்படியே நின்றுவிட்டது. இரண்டாவது அங்குலத்துக்கு நகர்த்தினார். தோ. மூன்றாவதுக்குத் தீன். குரல் கொஞ்சம் குழைந்திருந்தது, ஆனால் பாயின் குரல்தான். என் கணவர் பாபி, பாபி என்று கத்திக்கொண்டே சமையல்கட்டுக்கு ஓடினார். அன்று சாயங்காலம் அந்தத் தெரு முழுக்க இனிப்புக் கொடுத்தார். சாந்தோம் கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினார். அவர் அப்படி ஆனந்தமாக அழுது நான் பார்த்தது ஷில்பா பிறந்த அன்றுதான்.

ஜஹனாரா மட்டும் இனிப்பை வாயில் போடவில்லை. அது எனக்கு அப்போது விளங்கவில்லை.

மறுநாள் தூபா வந்தாள். எண்ணச் சொன்னதும் பாய் எண்ணினார். 'தீன்' மட்டும் சொல்லச் சொன்னாள். வாய் கோணியது, வியர்த்தது, எதுவும் வரவில்லை. எண்ண ஆரம்பித்தால் நிறுத்தவும் முடியவில்லை. ஆறு, ஏழு, பத்து என்று இருபத்து மூன்று வரை போய் மூச்சு வாங்கித்தான் நின்றார். பழகிப் போன எண்ணிக்கை, தொழுகை, பாட்டெல்லாம் தானாக ஓடும், அது பேச்சு ஆகாது என்று அந்தப் பெண் வருத்தத்தோடு விளக்கினாள். ஜஹனாராவுக்கு இது முன்பே தெரியும். படுத்தபடியே தொழும்போது அவர் ஃபாத்திஹா முழுவதையும் ஒரு எழுத்துப் பிசகாமல் ஓதுவாராம். முடித்ததும் தண்ணீர் கேட்கத் தெரியாமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருப்பாராம். நேற்று அண்ணன் இருந்த சந்தோஷத்தில் எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டேன் அக்கா என்றாள்.

எண்ணிக்கை பேச்சு ஆகாவிட்டாலும், தான் நினைத்த இடத்தில் அவர் நிறுத்திவிட்டால் அது அவராகச் சொன்னதுதான் என்று தூபா போகிறபோக்கில் சொன்னாள். அதற்காகக் காத்திருக்க வேண்டாம் என்றும் சொன்னாள். இவர் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளை நான் நினைக்க விரும்பவில்லை. பாய் எண்ணுவார், இவர் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு அங்குலம் நகர்த்துவார். ஆறில் நிற்க வேண்டிய படை நிற்காது. பாலத்தைத் தாண்டும், கோயிலைத் தாண்டும், மேஜை விளிம்பைத் தாண்டிக் கட்டில் போர்வை மேல் ஏறும். இவர் விடாமல் நகர்த்திக்கொண்டே போவார். கடைசியில் ராஜாவின் சிப்பாய்கள் பாயின் செத்த கையின் மேல் சாய்ந்து கிடப்பார்கள். பொறுக்கி எடுத்து முதலிலிருந்து ஆரம்பிப்பார். மூன்று வாரம் பொறுமையாக இருந்தார். நாலாவது வாரம் கத்திவிட்டார்.

"நிறுத்துடா. ஆறுல நிறுத்துடா நைனா. இன்னாடா ஆச்சு உனக்கு?"

பாய் பயந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜஹனாரா வந்து மேஜைக்கும் கட்டிலுக்கும் நடுவில் நின்றாள். போதும் அண்ணா என்றாள். மேஜையை மாடிக்கே ஏற்றிவிடலாம் என்றாள். அறுபது பேரும் தயாராகிவிட்டால் ஒரே ஒரு தடவை, முழுப் படையோடு, அத்தோடு நிறுத்திவிடுகிறேன் என்று இவர் கெஞ்சினார். என் கணவர் யாரிடமும் கெஞ்சிப் பார்த்ததில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

மூன்று மாதமும் முடிந்துவிட்டது. நவம்பர் கடைசி வெள்ளி. வெளியே மழை. அறுபது சிப்பாய்களையும் பஞ்சு வைத்த சாப்பாட்டு டப்பாவில் அடுக்கி எடுத்துப் போனோம். இவர் முகத்தில் நம்பிக்கை என்று ஒன்றும் இல்லை. சொன்ன சொல்லுக்காக ஆடுகிறவர் மாதிரி வெல்பரியை அடுக்கினார். பாலத்தின் தன் பக்கத்து முனையில் சுரங்கப் படையின் இயந்திரத் துப்பாக்கியை வைத்தார். பாலத்துக்கு வரும் சாலையின் ஓரமாக ஒரு கல் சுவர். அந்தச் சுவர் நாலு அங்குலம் ஓடி முடிந்துவிடும். அதுவரை மறைவு. அதற்கு மேல் ஒரு அங்குலம் வைத்தாலும் வெட்டவெளி, துப்பாக்கிக்கு நேர் எதிரே.

முதல் கம்பெனி, தபால்காரர்கள், சுவர் ஆரம்பிக்கிற இடத்தில். இவர் விரலை வைத்தார்.

ஏக். தோ. தீன். சார்.

இவர் விரல் பழக்கத்தில் ஐந்துக்குத் தயாராகி நின்றது. பாயிடமிருந்து சத்தமில்லை. மூச்சு முட்டி நின்றாரோ என்று நான் எட்டிப் பார்த்தேன். அவர் மூச்சு சீராக இருந்தது. வாய் மூடியிருந்தது. கண் சுவரின் முனையில் இருந்தது.

இவர் இரண்டாவது கம்பெனியில் விரலை வைத்தார். அது முன்னாலேயே, சுவரின் நடுவில் இருந்தது. முனைக்கு இரண்டு அங்குலம்தான் பாக்கி.

ஏக். தோ.

நின்றுவிட்டார்.

மூன்றாவது கம்பெனி கோயிலுக்குப் பின்னால், பத்திரமான இடத்தில். அதற்கு ஆறும் எண்ணினார். ஆறில் நிறுத்தினார்.

ஜஹனாரா வாயைப் பொத்திக்கொண்டு என் தோளைப் பிடித்தாள். அவள் நகம் என் சதையில் இறங்கியது. சுவர் எங்கே முடிகிறது என்று அவருக்குத் தெரிகிறது, துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று தெரிகிறது, எங்கே போனால் தன் ஆட்கள் சாவார்கள் என்று தெரிகிறது. பழைய பாய் அப்படியே உள்ளே இருந்தார்.

நான் சந்தோஷத்தோடு என் கணவரைப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது. ஏன் என்று புரிய எனக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. பாய் உள்ளே முழுசாக இருக்கிறார் என்றால் அன்றைக்கும் முழுசாகத்தான் இருந்திருக்கிறார். ஸ்பீக்கரில் வந்த சிரிப்பு காதில் விழுந்து, புரிந்து, வாய் திறக்க முடியாமல் நாலு மணி வரை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

இவர் டேப்பைக் கீழே வைத்தார். கட்டில் ஓரத்தில் மண்டி போட்டார்.

"அன்னிக்கு நான் சிரிச்சது உனுக்குக் கேட்டுச்சா பாய்?"

பாய் அவரையே பார்த்தார். உதடு துடித்தது, சத்தம் வரவில்லை. இடது கை போர்வையிலிருந்து மெதுவாக எழுந்தது. இவர் கையைப் பிடிக்க வருகிறது என்றுதான் நினைத்தேன். அது இவர் கன்னத்தில் இறங்கியது. பழக்கமில்லாத கை, பாதி காதில் பட்டது, ஆனாலும் அறை அறைதான். சத்தம் கேட்டது. இன்னொன்றும் விழுந்தது. என் புருஷனை ஒருவர் அடிக்கிறார், நான் தடுக்கப் போகவில்லை. இவரும் முகத்தை விலக்கவில்லை. தலையைக் கொஞ்சம் முன்னால் கொண்டுபோய்க் கொடுத்தார். மூன்றாவதற்குக் கையில் பலமில்லை, அது இவர் தோளில் விழுந்து அங்கேயே கிடந்தது. இரண்டு பேரும் குலுங்கிக் குலுங்கி அழுதார்கள்.

ஜஹனாரா என் தோளை விட்டுவிட்டாள்.

"அப்போ எல்லாமே அவருக்குத் தெரியும் அக்கா" என்றாள் மெல்ல. "போன் பண்ணினது நான்தானே. வெச்சுட்டுப் போய் துணி துவைச்சேன்."

நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் தரவில்லை. இந்த மூன்று மாதமும் அவள் தன் நாற்காலியைக் கட்டிலின் வலப்பக்கம் போட்டு, அந்த உணர்ச்சியில்லாத கையைத்தான் நீவிக்கொண்டிருந்தாள். இப்போது முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அந்த நாற்காலியைத் தூக்கினாள். கட்டிலைச் சுற்றிக் கொண்டுபோய், என் கணவரை நகரச் சொல்லிவிட்டு, பாயின் இடப்பக்கம் போட்டு, அடித்த கைக்கு எட்டுகிற தூரத்தில் உட்கார்ந்தாள்.